தளம் கைமாறினால் நாம் எழுதியதும் கைமாறுமா?

செபராங் பிறையிலிருந்து ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

மலேசியத் தமிழர்களின் சமையலையும் தோட்டப்புற வாழ்க்கையையும் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதிப் போடக்கூடிய ஓர் இணையத்தளம். அதில் 2014 முதல் இவர் முந்நூறுக்கும் மேற்பட்ட பதிவுகள் போட்டிருக்கிறார். பெலாச்சான் சேர்த்த கத்தரிக்காய்க் குழம்பு, மரவள்ளிக்கிழங்கு அப்பம், கருவாட்டுத் தொக்கு, அவற்றோடு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய தம் தாயார் சொன்ன கதைகள். படங்களில் பெரும்பாலானவை, அப்போது பதினைந்து வயதான அவர் மகள் எடுத்துத் தன் சொந்தக் கணக்கிலிருந்து ஏற்றியவை. சேர்ந்தபோது இருந்த நிபந்தனை ஒரே ஒரு பக்கம்: படைப்பு உங்களுடையதே, அதை இந்தத் தளத்தில் காட்டுவதற்கு எங்களுக்கு அனுமதி தருகிறீர்கள். ஆசிரியை அல்லவா, அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஃபைலில் கோத்து வைத்திருக்கிறார்.

பிறகு ஒரு சிங்கப்பூர் நிறுவனம் தளத்தை வாங்கியது. புதிய நிபந்தனைகள் மின்னஞ்சலில் வந்தன. நிரந்தரமான, திரும்பப் பெற முடியாத, உலகம் முழுவதற்குமான, பிறருக்கும் கொடுக்கக்கூடிய உரிமம். செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிப்பது உட்பட எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம். எழுதியவர் பெயரைப் போடவேண்டிய கட்டாயமில்லை. சிங்கப்பூர்ச் சட்டமே பொருந்தும். குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு லாக்-இன் செய்தாலே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். இவர் தம் பதிவுகளை நகலெடுத்து வைக்கலாம் என்று அந்தத் தேதிக்குப் பிறகு ஒருமுறை உள்ளே போயிருக்கிறார். சில மாதங்கள் கழித்து ஜார்ஜ்டவுனில் ஒரு புத்தகக் கடையில் வழவழப்பான சமையல் புத்தகம் ஒன்றைப் புரட்டினால், உள்ளே இவருடைய பதினான்கு சமையல் குறிப்புகள், மகள் எடுத்த படங்கள், பாதியாக வெட்டப்பட்ட தாயாரின் கதை. எழுதியவர்: “எங்கள் சமையல் குழு”.

“பதிப்புரிமையைப் பதிவு செய்யாததால் உனக்கு உரிமையே இல்லை” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். “கிளிக் பண்ணிட்டீங்க, முடிஞ்சுது” என்கிறான் அண்ணன் மகன். பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகச் சொல்கிறார் தோழி. இவருக்கோ எல்லாவற்றையும் உடனே அழித்துவிட வேண்டும், லாபத்தில் பங்கும் வேண்டும்.

டீச்சர், முதலில் ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடிக்கும்வரை எதையும் அழிக்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு

பக்கத்து வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் தவறு. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உங்கள் சொந்த முயற்சியில் ஒன்றை எழுதி முடித்த அந்தக் கணமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. எந்த அலுவலகத்திலும் முத்திரை வாங்க வேண்டியதில்லை. மலேசியா 1990இல் சேர்ந்த பெர்ன் உடன்படிக்கையின் அடிப்படையே இதுதான். சிங்கப்பூரும் அதில் உறுப்பு நாடு என்பதால் அங்கேயும் உங்களுக்கு அதே நிலைதான். அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில், அதாவது மைஐபிஓவில், பதிப்புரிமையை அறிவித்து வைக்கும் வசதி 2012 முதல் இருக்கிறது. அது விருப்பத்தின் பேரில் செய்வது. வழக்கு என்று வந்தால் சாட்சியமாக உதவும், அவ்வளவுதான்.

அடுத்து, விற்பனை. ஒரு தளத்தை வாங்குகிறவருக்கு அதன் பெயரும் சர்வரும் வாசகர் கூட்டமும் கிடைக்கும். பழைய உரிமையாளர் கையில் இல்லாத எதுவும் கிடைக்காது. பழையவரிடம் இருந்தது “இந்தத் தளத்தில் காட்டலாம்” என்ற அனுமதி மட்டும்தான். புத்தகம் போடும் உரிமை அவரிடமே இல்லாதபோது அதை எப்படி விற்றிருக்க முடியும்? ஆகவே, புதிய நிறுவனம் புத்தகத்துக்கு அனுமதி இருப்பதாகச் சொன்னால் அது புதிய நிபந்தனைகளிலிருந்து மட்டுமே வந்திருக்க வேண்டும். உங்கள் வழக்கின் உயிர்நாடி இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அதற்கு முன் கசப்பான ஒரு விஷயம். சமையல் குறிப்பு முழுவதும் உங்களுக்குச் சொந்தம் என்று நினைக்காதீர்கள். செய்முறை, வழிமுறை, யோசனை ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று நம் சட்டமே சொல்கிறது. கால் கிலோ கத்தரிக்காய், ஒரு துண்டு பெலாச்சான், எலுமிச்சை அளவு புளி என்ற பட்டியலை யாரும் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் அதைச் சொன்ன விதம், நடுவில் சேர்த்த கதை, கிண்டல், படம், இவைதான் பாதுகாக்கப்படுபவை. பதினான்கு குறிப்புகளையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் வாக்கியங்கள் எத்தனை அப்படியே இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். என் ஊகம், நான்கைந்து குறிப்புகளில் வெறும் செய்முறைதான் மிஞ்சும். அவற்றை விட்டுவிடுவோம். தாயாரின் கதை அப்படியல்ல. அது உங்கள் எழுத்து.

அகலமான உரிமம் எல்லாம் அநியாயமா?

உங்கள் கோபத்தின் பெரும்பகுதி “உலகம் முழுவதற்கும்”, “கட்டணமின்றி”, “மாற்றியமைக்க” என்ற சொற்கள்மீது விழுந்திருக்கிறது. அந்தச் சொற்கள் பயமுறுத்தும் அளவுக்கு மோசமானவை அல்ல. நீங்கள் ஒரு படத்தை ஏற்றினால் தளம் அதைத் தன் சர்வரில் நகலெடுக்க வேண்டும், கைப்பேசித் திரைக்குத் தகுந்தபடி சுருக்க வேண்டும், சுங்கை பட்டாணியில் இருப்பவருக்கும் சிட்னியில் இருப்பவருக்கும் அனுப்ப வேண்டும். இவை ஒவ்வொன்றும் சட்டத்தின் கண்ணில் அனுமதி தேவைப்படும் செயல்கள். அனுமதி கேட்காத தளம்தான் சந்தேகத்துக்குரியது.

திரும்பப் பெற முடியாது என்பதும்கூடத் தன்னளவில் அநியாயம் அல்ல. தமிழ் விக்கிப்பீடியாவில் நீங்கள் ஒரு கட்டுரை எழுதினால், கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொதுப் பகிர்வு உரிமங்களில் ‘அதேமாதிரிப் பகிர்வு’ வகையில் அதைக் கொடுக்கிறீர்கள். திரும்பப் பெற முடியாது. யார் வேண்டுமானாலும் அச்சிட்டு விற்கலாம், உங்களுக்கு ஒரு சென்கூட வராது. ஆனாலும் அதை நான் அநியாயம் என்று சொல்லமாட்டேன். ஏனென்றால் அங்கே எழுதுகிறவருக்கும், தளத்தை நடத்தும் அமைப்புக்கும், எங்கோ இருக்கும் அச்சகக்காரருக்கும் ஒரே உரிமம்தான். எழுதியவர்களைக் குறிப்பிட வேண்டும். எடுத்து மாற்றி வெளியிடுகிறவர் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். நாளைக்கு அந்த அமைப்பு கெட்டுப்போனால், மொத்தத்தையும் நகலெடுத்து வேறு இடத்தில் தொடங்க யாருக்கும் தடையில்லை. ஊருக்குக் கொடுத்தது ஊரிடமே இருக்கிறது.

உங்கள் தளத்தின் புதிய நிபந்தனைகள் அப்படியா? நீங்களும் மற்றவர்களும் ஊருக்காக எழுதினீர்கள். அதை எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தும் உரிமை ஒரே ஒரு கம்பெனிக்கு. உங்களுடைய சக எழுத்தாளரின் பதிவைச் சேர்த்து நீங்களே ஒரு தொகுப்பு போட நினைத்தால் உங்களுக்கு உரிமை இல்லை. பெயரும் போடமாட்டார்கள். இந்த ஒருபக்கச் சாய்வுதான் அநியாயம். ஏற்கெனவே கொடுத்ததற்கும் சேர்த்து விதியை நடுவில் மாற்றியது அதைவிடப் பெரிய அநியாயம்.

விதியை மாற்றுவதற்கு நாகரிகமான வழி இருக்கிறது. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற உலக வரைபடம் 2012இல் தன் உரிமத்தை மாற்றியது. அதற்குமுன் பங்களித்தவர்களிடம் கணக்கு கணக்காகச் சம்மதம் கேட்டார்கள். மறுத்தவர்களும் பதில் சொல்லாதவர்களும் போட்ட தரவுகளை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். தெருக்கள் காணாமல் போயின, வருத்தம்தான், ஆனால் யாருடைய மௌனத்தையும் சம்மதமாக எண்ணவில்லை. 2012 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் நிபந்தனைகளை மாற்ற முயன்றபோது, படங்களை விளம்பரத்துக்கு விற்பார்கள் என்று பயனர்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே கம்பெனி அந்த வாசகத்தைத் திரும்பப் பெற்றது. அந்த வெற்றியை வாங்கித் தந்தது நீதிமன்றம் அல்ல, கூட்டம். உங்களைப் போல அந்தத் தளத்தில் எழுதிய மற்றவர்களைத் தேடிப் பிடியுங்கள் என்று இதனால்தான் சொல்கிறேன்.

அந்த ஒரு லாக்-இன்

அண்ணன் மகன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பதிப்புரிமை உரிமம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. ஆனால் 2006ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டம் மின்னணு வடிவத்தையும் எழுத்தாகவே ஏற்கிறது. எனவே “காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லையே” என்ற வாதம் நிற்காது.

நிற்கக்கூடிய வாதம் வேறு. பழைய பதிவுகளைப் பழைய நிபந்தனையின்கீழ் கொடுத்தீர்கள். அவற்றுக்கு இவ்வளவு பெரிய கூடுதல் உரிமையைக் கேட்கிற கம்பெனி பதிலுக்கு உங்களுக்கு என்ன கொடுத்தது? உங்கள் பதிவுகளை நீங்களே பார்க்கும் வசதியை மட்டும்தான். அதுவும் நகலெடுக்க வேறு வழியே இல்லாத நிலையில். ஒப்பந்தச் சட்டப்படி கைம்மாறு இல்லாத ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. இது நல்ல வாதம். ஆனால் உங்களிடம் உள்ள அந்த அச்சுப் பக்கத்தில் “நிபந்தனைகளை நாங்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்” என்று எங்கேயாவது பொடி எழுத்தில் இருந்தால் வாதம் பலவீனமாகும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரிவரை படியுங்கள்.

அநியாயமான ஒப்பந்த நிபந்தனைகளுக்கு எதிராகப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக ஒரு தனிப் பகுதியே சேர்ந்திருக்கிறது. நிபந்தனையின் உள்ளடக்கம் மட்டுமல்ல, அதைத் திணித்த முறை அநியாயமாக இருந்தாலும் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காசு கொடுக்காமல் பயன்படுத்தும் தளத்தில் நீங்கள் “பயனீட்டாளர்” தானா என்பதிலேயே எதிர்த்தரப்பு முதல் சண்டையைப் போடும். துணைவாதமாக வைத்துக்கொள்ளலாம், அதையே நம்பி இறங்கக் கூடாது.

தோழி சொன்ன பயனீட்டாளர் நடுவர் மன்றம் மலிவானது, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம், எல்லாம் சரி. ஆனால் பதிப்புரிமை போன்ற அறிவுசார் சொத்து பற்றிய தகராறுகள் அதன் அதிகார எல்லைக்குள் வராது. அங்கே போய் வரிசையில் நிற்க வேண்டாம்.

மகளின் கணக்கு தனிக்கதை. மலேசியாவில் பதினெட்டு வயதுதான் முழு வயது. பதினைந்து வயதுப் பிள்ளை செய்த ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. புதிய நிபந்தனைகள் வந்த பிறகு அவர் லாக்-இன் செய்யவே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே படங்களைப் பொறுத்தவரை கம்பெனியின் நிலை உங்கள் எழுத்துகளைவிடப் பலவீனம். ஒரு சின்னச் சிக்கல்: நம் சட்டத்தில் புகைப்படத்தின் ஆசிரியர், படம் எடுப்பதற்கான ஏற்பாட்டைச் செய்தவர். சமைத்து, தட்டில் அடுக்கி, ஜன்னல் பக்கம் வைத்து “இப்படி எடும்மா” என்று சொன்னது நீங்கள் என்றால், ஆசிரியர் நீங்களா மகளா என்ற கேள்வி எழும். சண்டைக்கு இடமே வைக்காமல் இருவரும் சேர்ந்தே கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

சிங்கப்பூர்ச் சட்டம், செயற்கை நுண்ணறிவு

இங்கே உங்களுக்கு நல்ல சேதி சொல்ல முடியவில்லை. 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம், சட்டப்படி அணுகக்கூடிய படைப்புகளை, செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி உட்படக் கணினிவழித் தரவு ஆய்வுக்காக நகலெடுக்க அனுமதிக்கிறது. வணிக நோக்கத்துக்கும் சேர்த்துத்தான். ஒப்பந்தம் போட்டுக்கூட அந்த விதிவிலக்கைத் தடுக்க முடியாது. மலேசியச் சட்டத்தில் அப்படியொரு தனி விதிவிலக்கு இல்லை. சர்வரும் வேலையும் சிங்கப்பூரில் என்றால், புதிய நிபந்தனைகளை நீங்கள் உடைத்தாலும் பயிற்சிக்குப் பயன்படுத்துவதைத் தடுப்பது கடினம். உங்கள் சக்தியை அங்கே செலவழிக்காதீர்கள்.

“சிங்கப்பூர்ச் சட்டமே பொருந்தும்” என்ற வரியைக் கண்டு முழுவதுமாக மிரளவும் வேண்டாம். ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது என்பதற்குத்தான் அது. மலேசியாவில் ஒரு புத்தகம் விற்பனையாகிறது என்றால், அந்த விற்பனை மலேசியப் பதிப்புரிமையை மீறுகிறதா என்பதை நம் சட்டம்தான் முடிவுசெய்யும். அதோடு, எழுதியவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமை அதே 2021 சட்டத்தில் சிங்கப்பூரிலும் வந்துவிட்டது.

உங்கள் கையிலுள்ள பலம் புத்தகம்தான்

நம் சட்டத்தின் 25ஆம் பிரிவு எழுத்தாளரின் தார்மீக உரிமைகளைப் பற்றியது. உங்கள் சம்மதமில்லாமல் உங்கள் படைப்பை உங்கள் பெயரில்லாமலோ வேறொருவர் பெயரிலோ வெளியிட முடியாது. மானத்துக்குக் குறைவு வரும்படி கணிசமாகச் சிதைக்கவும் முடியாது. தாயார் பட்டினியோடு பால் வாளி தூக்கிய பகுதியை வெட்டிவிட்டு, தோட்ட வாழ்க்கை ஏதோ பிக்னிக் மாதிரி இருந்தது என்ற தொனியில் விட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு பதிப்பையும் படித்துப் பார்த்தேன். எனக்கும் எரிச்சல் வந்தது.

பதிப்புரிமை மீறல் நிரூபணமானால் நீதிமன்றம் தடையுத்தரவு, நட்டஈடு, அல்லது ஒரு படைப்புக்கு 25,000 ரிங்கிட் வரை, மொத்தம் 500,000 ரிங்கிட்டைத் தாண்டாமல், சட்டப்படியான நட்டஈடு வழங்கலாம். இந்த எண்களைப் பதினான்கால் பெருக்கிக் கனவு காண வேண்டாம். அவை உச்சவரம்பு, நீதிபதியின் விருப்பத்துக்கு உட்பட்டவை. உயர்நீதிமன்றம்வரை போனால் செலவு வரவை மிஞ்சிவிடும்.

தளத்தின் லாபத்தில் பங்கு என்ற ஆசையை அடியோடு விட்டுவிடுங்கள். ஹஃபிங்டன் போஸ்ட் என்ற அமெரிக்கச் செய்தித் தளத்தை 2011இல் ஏஓஎல் 315 மில்லியன் டாலருக்கு வாங்கியபோது, அதில் இலவசமாக எழுதியவர்கள் பங்கு கேட்டு வழக்குப் போட்டார்கள். சம்பளம் இல்லை என்று தெரிந்துதானே எழுதினீர்கள் என்று சொல்லி 2012இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அமெரிக்கத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் இங்கேயும் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள். தளம் வேறு, புத்தகம் வேறு. புத்தகத்துக்கு மட்டும் கேளுங்கள்.

செய்ய வேண்டியது, இந்த வரிசையில்

பதிவுகளை ஏன் அழிக்கக் கூடாது? எந்தத் தேதியில் எதை எழுதினீர்கள் என்பதற்கு அந்தப் பக்கங்களே சாட்சி. அழித்தாலும் உரிமம் நீடிக்கும் என்று புதிய நிபந்தனை சொல்கிறது. 2024இல் ஸ்டேக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளம் ஓப்பன்ஏஐயுடன் ஒப்பந்தம் போட்டபோது, கோபத்தில் சிலர் தங்கள் பதில்களை அழித்தார்கள். தளம் பதில்களை மீட்டு வைத்துவிட்டு அவர்கள் கணக்கைத் தற்காலிகமாக முடக்கியது. நிம்மதியும் கிடைக்கவில்லை, கணக்கும் முடங்கியது.

முதலில், தேதி தெரியும்படி பதிவுகளின் ஸ்கிரீன்ஷாட்டுகள், அந்த மின்னஞ்சல், அச்சுப் பக்கம், புத்தகத்தின் ரசீது எல்லாவற்றையும் ஒன்றுசேருங்கள். லாக்-இன் இல்லாமலே பார்க்க முடிகிற பக்கங்களை அப்படியே பார்த்து எடுங்கள்; இன்னொரு லாக்-இன் வேண்டாம். அடுத்து, நீங்களும் மகளும் பெசுருஜாயா சும்பா எனப்படும் சத்தியப் பிரமாண ஆணையரிடம் சத்தியப் பிரமாணம் செய்து வையுங்கள். இந்தப் படைப்புகள் எங்களுடையவை, இன்னின்ன தேதியில் உருவாக்கினோம் என்று. பதிப்புரிமைச் சட்டம் இப்படிப்பட்ட பிரமாணத்தை முதல்நிலைச் சாட்சியமாக ஏற்கிறது.

அப்புறம் கம்பெனிக்கும், புத்தகத்தில் பதிப்பாளர் பெயர் வேறாக இருந்தால் அவருக்கும், வழக்கறிஞர் வழியாகக் கடிதம். கேட்க வேண்டியவை: பழைய பதிவுகளுக்குப் பழைய நிபந்தனையே பொருந்தும் என்று எழுத்தில் உறுதி, மீதமுள்ள பிரதிகளில் பெயர் ஒட்டுச்சீட்டு, அடுத்த அச்சில் உங்கள் இருவர் பெயர், தாயாரின் கதையை முழுமையாகப் போடவும் அல்லது எடுத்துவிடவும், படங்களுக்கும் எழுத்துக்கும் ஒரு நியாயமான தொகை. தொகையை உங்கள் மனத்தில் கடைசியில் வையுங்கள், ஆனால் கடிதத்தில் அது இருக்கட்டும். பெயர் போட மனமில்லாத கம்பெனிகள்கூட, காசு கொடுப்பதைவிடப் பெயர் போடுவது மலிவு என்று தெரிந்ததும் வழிக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி வேறு எங்காவது எழுதினால் கிரியேட்டிவ் காமன்ஸ் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடலாம், வகையைப் பார்த்து. 2014இல் யாஹூவின் ஃப்ளிக்கர் தளம், வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கும் உரிமத்தில் பலர் கொடுத்திருந்த படங்களைச் சுவரில் மாட்டும் அச்சுகளாக விற்கத் தொடங்கியது. எடுத்தவர்களுக்குப் பணம் இல்லை. உரிமத்தை அது மீறவில்லை. எதிர்ப்பு வலுத்ததால்தான் நிறுத்தியது. விற்பதை நீங்கள் விரும்பவில்லை என்றால் வணிக நோக்கமற்ற வகையைத் தேர்ந்தெடுங்கள்.

ஓய்வூதியத்தில் வழக்கறிஞர் கட்டணம் கட்டுப்படியாகாது என்றால், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் பினாங்கிலும் இருக்கிறது. வருமானத்தைப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்வார்கள், அதனால் ஓய்வூதியச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அந்த அச்சுப் பக்கத்தின் மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும். புத்தகம் இன்னும் ஒரு பிரதி கிடைத்தால் வாங்கி வையுங்கள், ரசீதோடு.